'தேய்மானம்' என்னும் ஒரு சொல்

முழங்கால் வலி என்று மருத்துவரிடம் செல்லும் அறுபது வயதுக்காரர், ஊடுகதிர்ப் படத்தை விளக்கொளியில் பார்த்துவிட்டு மருத்துவர் கூறும் ஒரு வாக்கியத்தோடு வீடு திரும்புகிறார்: "மூட்டு தேய்ந்துவிட்டது." சில வேளைகளில் "எலும்போடு எலும்பு உரசுகிறது", "இனி மாடிப்படி ஏறாதீர்கள்", "தரையில் உட்காராதீர்கள்" என்பவையும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். நம் மாநிலத்தின் எந்தத் தெருவிலும் இவ்வாக்கியங்களைச் சுமந்துகொண்டு வாழ்பவர்கள் சிலரேனும் இருப்பார்கள்.

படம் பொய் சொல்லவில்லை. மருத்துவரும் பொய் சொல்லவில்லை. மூட்டின் இடைவெளி உண்மையிலேயே குறைந்திருக்கக் கூடும். ஆனால், 'தேய்மானம்' என்று கேட்டவர், தம் முழங்காலைப் பழைய வண்டியின் பிரேக் கட்டையைப் போல எண்ணத் தொடங்குகிறார். பயன்படுத்தினால் தேயும், எனவே பயன்படுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு என்பது அவர் கணக்கு. மாலை நடை நிற்கிறது. கடைக்குச் செல்வது நிற்கிறது. தொடைத் தசை மெலிகிறது. மூட்டைத் தாங்கும் தசை மெலிந்தால் வலி கூடும். சில மாதங்களில் அவர் மாடிப்படி ஏற இயலாதவராகவே ஆகிவிடுகிறார். மூட்டுத் தேய்மானத்துக்கு இன்று உலகெங்கும் முதலில் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை உடற்பயிற்சி.

சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1948-இல் எழுதிய கட்டுரையொன்றில், தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்ளும் கணிப்பைப் பற்றிக் கூறுகிறார். நல்ல நிலையில் உள்ள வங்கி திவாலாகப் போகிறது என்று வதந்தி பரவுகிறது. அதை நம்பி அனைவரும் பணத்தை எடுக்கிறார்கள். வங்கி உண்மையிலேயே திவாலாகிறது. பொருளியல் மாணவர்களுக்கு இந்த எடுத்துக்காட்டை ஆண்டுதோறும் சொல்லிவந்த எனக்கு, முழங்கால்களின் கதையும் இதுவேதான் என்று தோன்றுவதுண்டு.

சொல் மனத்தை வருத்தும் என்பதை எவரும் மறுக்கப் போவதில்லை. அது தசையின் வலிமையைக் குறைக்குமா, ஓட்ட நேரத்தைக் கூட்டுமா, மூச்சின் திறனை மாற்றுமா என்பதுதான் கேள்வி. கடந்த ஐம்பது ஆண்டுகளில் இதற்கு அளந்து சொல்லப்பட்ட விடைகள் கிடைத்துள்ளன. மருத்துவர் பேசும் சொல்லையும் மருந்தைப் போல அளவறிந்து கையாள வேண்டும் என்ற இடத்துக்கே அவை நம்மை அழைத்துச் செல்கின்றன.

'பிளேசிபோ' என்ற லத்தீன் சொல்லுக்கு 'நான் மகிழ்விப்பேன்' என்று பொருள். மருந்துச் சரக்கு எதுவும் இல்லாத சர்க்கரை மாத்திரையோ உப்புநீர் ஊசியோ, மருந்தென்று நம்பப்படுவதால் மட்டுமே தரும் பயனை மருத்துவ உலகம் இப்பெயரால் குறிக்கிறது. தமிழில் மருந்துப்போலி என்கிறோம். இதன் மறுபக்கத்துக்கு, 'நான் தீங்கிழைப்பேன்' என்று பொருள்படும் 'நோசிபோ' என்ற பெயரை 1961-இல் வால்டர் கென்னடி சூட்டினார். பெயர் வருவதற்கு முன்பே நாம் இரண்டையும் அறிந்திருந்தோம். ஒருவரைக் 'கைராசிக்கார மருத்துவர்' என்போம். இன்னொருவரை 'வாயைத் திறந்தாலே பயமுறுத்துகிறவர்' என்போம். இருவரும் எழுதித்தரும் மாத்திரை ஒன்றாகவே இருக்கும்.

இத்துறையில் மிகைக்கூற்றுகள் ஏராளம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஹென்றி பீச்சர் 1955-இல், 15 ஆய்வுகளில் இடம்பெற்ற 1,082 நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்து, ஏறத்தாழ 35 சதவீதத்தினர் போலி மருந்தாலேயே நலமடைந்தனர் என்று எழுதினார். 'மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரையே போதும்' என்ற நம்பிக்கை அதிலிருந்து பரவியது. தாமாகவே குணமாகக்கூடியவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தார்கள். 2001-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இருவர், போலி மருந்து பெற்றோரை எந்தச் சிகிச்சையும் பெறாதோருடன் ஒப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பெரும்பாலான நோய்களில் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தென்படவில்லை. வலியைப் போன்று நோயாளியே உணர்ந்து சொல்பவற்றில் மட்டும் ஓரளவு பயன் எஞ்சியது.

ஆகவே, சொல்லால் புற்றுநோய்க் கட்டி கரையாது. முறிந்த எலும்பு கூடாது. சர்க்கரை நோய் தீராது. எஞ்சியவை வலி, களைப்பு, குமட்டல், அச்சம், அசைவு ஆகியன. ஒரு மனிதர் எவ்வளவு தொலைவு நடப்பார், எத்தனை படி ஏறுவார், எவ்வளவு எடை தூக்குவார் என்பதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இவைதான். உடல் செயல்திறன் குறித்த ஆய்வுகள் இத்துறையில் தனியிடம் பெற்றது இதனால்தான்.

விளையாட்டு வீரர்களிடம் இவ்வாய்வுகள் தொடங்கியதற்கு எளிய காரணம் உண்டு. நோயாளி 'கொஞ்சம் பரவாயில்லை' என்பார். ஓட்டக்காரரின் கடிகாரம் நொடிகளில் பேசும். 1972-இல் ஏரியல், சேவில் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள், எடை தூக்கும் பயிற்சியில் இருந்த இளைஞர்கள் சிலரிடம் 'டயனபால்' என்ற ஊக்கமருந்து தரப்படுவதாகக் கூறி வெறும் மாத்திரைகளைக் கொடுத்தனர். முந்தைய பயிற்சி வாரங்களில் கண்டதைவிட வேகமாக அவர்கள் தூக்கிய எடை கூடியது.

2006-இல் இங்கிலாந்தில் கிறிஸ் பீடி குழுவினர் மேற்கொண்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. பயிற்சி பெற்ற மிதிவண்டி வீரர்கள் சிலர் 10 கிலோமீட்டர் தொலைவைப் பலமுறை கடந்தனர். ஒரு முறை காபீன் இல்லை என்றும், ஒரு முறை நடுத்தர அளவு என்றும், ஒரு முறை அதிக அளவு என்றும் அவர்கள் நம்பும்படி செய்யப்பட்டது. உண்மையில் எந்த மாத்திரையிலும் காபீன் இல்லை. எதுவும் பெறவில்லை என்று நம்பியபோது அவர்களது மிதிக்கும் ஆற்றல் வழக்கத்தைவிட 1.4 சதவீதம் குறைந்தது; நடுத்தர அளவு என்று நம்பியபோது 1.3 சதவீதமும், அதிக அளவு என்று நம்பியபோது 3.1 சதவீதமும் கூடியது. இல்லாத மருந்து, அளவுக்கு ஏற்ப வேலை செய்திருக்கிறது! சிறிய ஆய்வுதான். ஆனால், பதக்கங்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைந்த இடைவெளியில் முடிவாகும் விளையாட்டில் இவை சிறிய எண்கள் அல்ல.

அதே ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டு 42 வீரர்களை 30 மீட்டர் தொலைவு மீண்டும் மீண்டும் ஓடச் செய்தனர். அனைவருக்கும் ஒரே போலி மாத்திரை. பாதிப் பேரிடம் அது வேகத்தைக் கூட்டும் என்றும், மறுபாதியிடம் அது வேகத்தைக் குறைக்கும் என்றும் கூறப்பட்டது. குறைக்கும் என்று கேட்டவர்கள் 1.7 சதவீதம் மெதுவாக ஓடினர். சொல்லின் தீய முகம் நல்ல முகத்தைவிடத் தெளிவாக வெளிப்பட்ட ஆய்வு அது.

களைப்பு என்பது எரிபொருள் தீர்ந்ததன் அடையாளம் என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில், தசை முற்றிலும் ஓய்ந்துபோவதற்கு வெகு முன்பே மூளை களைப்பை உணர்த்திவிடுகிறது. ஆபத்து நேராமல் இருக்க அது ஒரு கையிருப்பை வைத்துக்கொள்கிறது என்பது தென்னாப்பிரிக்க உடலியல் அறிஞர் டிம் நோக்ஸ் முன்வைத்த கோட்பாடு. அதன் விவரங்கள் குறித்து வாதங்கள் தொடர்கின்றன. ஆயினும், எவ்வளவு கையிருப்பைச் செலவிடலாம் என்ற முடிவில் எதிர்பார்ப்புக்குப் பங்குண்டு என்பதை இத்தாலியின் டூரின் நகர ஆய்வு காட்டுகிறது. 2008-இல் அந்தோணெல்லா போலோவும் ஃபாப்ரிசியோ பெனடெட்டியும் தொடைத் தசையால் எடை தூக்கும் சோதனையை நடத்தினர். அதிக காபீன் தரப்பட்டதாக நம்பியவர்களின் தசை வேலை சுமார் 12 சதவீதம் கூடியது. அடுத்த சோதனையில், 'மருந்து' தந்தபின் அவர்களுக்குத் தெரியாமல் எடை குறைக்கப்பட்டது. மருந்து வேலை செய்வதை அவர்கள் தம் உடலாலேயே 'அனுபவித்தனர்'. பிறகு பழைய எடைக்குத் திரும்பியபோது வேலை 22 சதவீதம் கூடியது, களைப்பும் குறைந்தது. சொல்லோடு அனுபவமும் சேரும்போது விளைவு இரட்டிப்பாகிறது என்பது இயன்முறை மருத்துவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

இதற்கான வேதியியலும் ஓரளவு தெரிந்துவிட்டது. 1978-இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் ஆகியோர், பல் பிடுங்கப்பட்டவர்களுக்குப் போலி மருந்தால் கிடைத்த வலிக்குறைவை, அபினி வகை மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் நலாக்சோன் தடுத்துவிடுகிறது என்று கண்டனர். நம்பிக்கை உண்டானதும் மூளை தன் சொந்த வலிநீக்கியைச் சுரக்கிறது என்பதற்கான முதல் சான்று அது. 2007-இல் பெனடெட்டி குழுவினர் இதை விளையாட்டுக் களத்துக்குக் கொண்டுசென்றனர். பயிற்சி நாள்களில் மார்ஃபின் பெற்ற வீரர்கள், போட்டி நாளில் மார்ஃபின் என்ற பெயரில் வெறும் உப்புநீரைப் பெற்றும் வலியைக் கூடுதல் நேரம் தாங்கினர். உப்புநீருக்குப் பதில் அவர்களறியாமல் நலாக்சோன் செலுத்தப்பட்ட அணியில் அப்பயன் மறைந்தது. இது ஊக்கமருந்து மோசடியா, இல்லையா என்று அக்கட்டுரையின் தலைப்பிலேயே ஆசிரியர்கள் கேட்டிருந்தார்கள். போட்டி நாளில் சோதித்தால் உடலில் அகப்படுவது எதுவும் இருக்காது.

அச்சத்துக்கும் தனி வேதியியல் உண்டு. 'இப்போது வலிக்கப் போகிறது' என்ற எதிர்பார்ப்பு, கோலிசிஸ்டோகைனின் என்ற வேறொரு பொருளைத் தூண்டி வலியைப் பெருக்குகிறது என்பதையும் டூரின் ஆய்வாளர்களே காட்டினர். உண்மையான மருந்தைக்கூட அச்சம் செல்லாக்காசாக்கிவிடும். 2011-இல் உல்ரிகே பிங்கல் குழுவினர் 22 தன்னார்வலர்களுக்கு ரெமிஃபென்டனில் என்ற வீரியமிக்க வலிநீக்கியைச் செலுத்தினர். மருந்து இறங்குகிறது என்று தெரிவித்ததும் வலிநீக்கம் இரட்டிப்பானது. மருந்து நிறுத்தப்பட்டது, வலி கூடலாம் என்று சொன்னதும், மருந்து அதே அளவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பயன் அறவே மறைந்தது.

வெள்ளை அங்கி அணிந்தவர் பேசும் சொல்லுக்குத் தனி வலிமை உண்டு. மருத்துவச் சேவை பிற சந்தைப் பொருள்களிலிருந்து வேறுபட்டது என்று பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, இதற்கான காரணத்தை வேறொரு நோக்கில் விளக்குகிறது. வாங்குபவரால் பொருளின் தரத்தை மதிப்பிட இயலாது. விற்பவரின் அறிவை நம்பியே ஆக வேண்டும். கத்தரிக்காய் வியாபாரியின் சொல்லை நாம் காயை அழுத்திப் பார்த்துச் சோதிக்கிறோம். மருத்துவர் சொல்லைச் சோதிக்க நம்மிடம் இருப்பது நம் உடல் ஒன்றுதான். அந்த உடலோ சொல்லைக் கேட்டதும் மாறத் தொடங்கிவிடுகிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிராட்லி டர்ன்வால்ட், ஆலியா கிரம் ஆகியோர் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு இதை அச்சமூட்டும் அளவுக்குத் தெளிவாக்கியது. பங்கேற்றவர்களின் மரபணுக்கள் சோதிக்கப்பட்டன. முதலில் எந்தத் தகவலும் தராமல் ஓடுபொறியில் ஓடச் செய்து அளவுகள் எடுக்கப்பட்டன. பின்னர், உண்மை முடிவு எதுவாக இருந்தாலும், சிலரிடம் 'உங்கள் மரபணு உடற்பயிற்சித் திறனைக் குறைக்கும் வகை' என்றும், சிலரிடம் 'பாதுகாப்பான வகை' என்றும் கூறப்பட்டது. மீண்டும் ஓடியபோது, குறைபாடு உண்டென்று கேட்டவர்கள் விரைவில் ஓட்டத்தை நிறுத்தினர். அதோடு நிற்கவில்லை, நுரையீரலின் காற்றோட்டமும் வாயுப் பரிமாற்றத் திறனும் குறைந்தன. சில அளவுகளில், மரபணுவால் உண்டான வேறுபாட்டைவிட மரபணுவைப் பற்றிச் சொல்லப்பட்ட சொல்லால் உண்டான வேறுபாடு பெரிதாக இருந்தது. உமிழ்நீரை அஞ்சலில் அனுப்பி மரபணு அறிக்கை பெறும் வணிகம் வளர்ந்துவரும் காலம் இது. அறிக்கையைப் படிப்பதே உடல்மீது செய்யப்படும் ஒரு வினை என்று அந்நிறுவனங்களின் விளம்பரங்கள் சொல்வதில்லை.

சோதனைக்கூடத்தை விட்டு மருத்துவமனைக்கு வருவோம். பழைய சான்றுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1964-இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து வெளிவந்தது. வயிற்று அறுவை சிகிச்சைக்கு வந்த 97 பேரில் ஒரு பகுதியினரை மயக்கவியல் மருத்துவர் முன்கூட்டியே சந்தித்தார். சிகிச்சைக்குப் பின் எங்கே வலிக்கும், எவ்வளவு நேரம் வலிக்கும், அது இயல்பானது, தசைகளை எப்படித் தளர்த்திக்கொண்டு புரள வேண்டும் என்று பேசினார். அவ்வளவுதான். அவர்களுக்குத் தேவைப்பட்ட வலிநீக்கி ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது, சராசரியாக 2.7 நாள்கள் முன்னதாக வீடு திரும்பினர். யாரிடம் பேசப்பட்டது என்பது வீட்டுக்கு அனுப்பும் முடிவை எடுத்த அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது. இங்கே வலிக்காது என்ற பொய் சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வலிக்கும் என்றுதான் சொல்லப்பட்டது. அதன் பொருள் என்ன, அதை எதிர்கொள்வது எப்படி என்பதும் சேர்த்துச் சொல்லப்பட்டது.

இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில் கே.பி. தாமஸ் என்ற மருத்துவர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பிட்ட நோய் எதுவும் கண்டறியப்படாத 200 பேர் இடம்பெற்றனர். சிலரிடம் 'இன்னது இது. சில நாள்களில் சரியாகிவிடும்' என்று உறுதியாகவும், சிலரிடம் 'என்னவென்று தெரியவில்லை' என்று தயக்கத்தோடும் பேசினார். இரண்டு வாரங்களில் முதல் பிரிவில் 64 சதவீதத்தினரும் இரண்டாம் பிரிவில் 39 சதவீதத்தினரும் குணமடைந்ததாகக் கூறினர். மாத்திரை தந்ததும் தராததும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

தசை வலிக்கு வருவோம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை, கால் வலி, உடல் சோர்வு என்று சொல்லிப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இதய நோயாளிகளுக்கு அது ஆபத்து. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், அவ்வாறு நிறுத்திய 60 பேருக்கு 12 குப்பிகள் தந்தனர். நான்கில் மருந்து, நான்கில் போலி, நான்கு காலிக் குப்பிகள். மாதம் ஒன்றாக அவற்றைப் பயன்படுத்தி, நாள்தோறும் தம் தொல்லையின் அளவைக் கைப்பேசியில் பதிவு செய்தனர். 2020-இல் முடிவுகள் வெளியாயின: காலிக் குப்பி மாதங்களில் சராசரி 8, போலி மாத்திரை மாதங்களில் 15.4, உண்மை மாத்திரை மாதங்களில் 16.3. தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு, மாத்திரை விழுங்குகிறோம் என்ற நினைப்பிலிருந்தே வந்தது. அவர்களது வலி கற்பனை அன்று, மெய்யாகவே வலித்தது. அதன் மூலம்தான் வேறு. தத்தம் எண்களைப் பார்த்தபின் அவர்களில் பாதிப் பேர் மீண்டும் மருந்தைத் தொடங்கினர்.

இப்போது முதுகுக்கும் முழங்காலுக்கும் திரும்பலாம். வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வு, இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் தட்டுச் சிதைவு காணப்படுவதாகக் கூறுகிறது. நரைத்த முடியைப் போன்றது அது. எம்.ஆர்.ஐ. அறிக்கையோ அதையே சிதைவு, பிதுக்கம், அழுத்தம் என்ற சொற்களால் வருணிக்கிறது. நோயாளியின் வீட்டில் அது 'ஜவ்வு விலகிவிட்டது', 'டிஸ்க் நகர்ந்துவிட்டது' என்று மொழிபெயர்க்கப்படுகிறது. நகர்ந்தது இன்னும் நகர்ந்துவிடும் என்ற அச்சத்தில் குனியாமல், தூக்காமல், இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வாழ்நாளைக் கழிப்பவர்கள் உண்டு. நியூசிலாந்தில் முதுகுவலி நோயாளிகளிடம் நேர்காணல் நடத்திய பென் டார்லோ, மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ போகிறபோக்கில் சொன்ன சொற்கள் பல ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களது நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவதை 2013-இல் பதிவு செய்தார்.

இத்துறையில் நேரடிச் சோதனையொன்று நம் கோயம்புத்தூரிலேயே நடந்திருக்கிறது. கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர், நாள்பட்ட முதுகுவலி உடையவர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உள்ள குறைகள் அனைத்தும் விளக்கப்பட்டன. மறுபிரிவினரிடம், படம் இயல்பாகவே உள்ளது, காண்பவை வயதுக்குரிய மாற்றங்களே என்று கூறப்பட்டது. ஆறு வாரங்களுக்குப் பின், குறைகள் விளக்கப்பட்டவர்களிடம் தம் முதுகெலும்பைப் பற்றிய அச்சம் கூடுதலாகவும் செயல்திறன் குறைவாகவும் இருந்தன. 2021-இல் வெளியான அந்த ஆய்வு இன்னொன்றையும் சோதித்தது. ஒரே படத்துக்கு, அச்சுறுத்தும் கலைச்சொற்களைத் தவிர்த்து எழுதிய அறிக்கையைப் படித்த மருத்துவர்களேகூட, நோயைக் குறைந்த தீவிரம் உடையதாகக் கருதினர். சொல்லின் பிடியில் இருப்பவர் நோயாளி மட்டுமல்லர்.

விலையும் ஒரு சொல்தான். பொருளியல் படித்தவன் இதைக் குறிப்பிடாமல் கடக்க இயலாது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் பார்க்கின்சன் நோயாளிகள் 12 பேருக்கு ஒரே உப்புநீர் ஊசி இருமுறை போடப்பட்டது. ஒன்றின் விலை 1,500 டாலர், மற்றொன்றின் விலை 100 டாலர் என்று கூறப்பட்டது. 'விலை உயர்ந்த' ஊசிக்குப் பின் அவர்களது கைகால் அசைவு கூடுதலாக மேம்பட்டது. அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரப்படும் அதே மாத்திரை ஏன் 'கேட்கவில்லை' என்று சொல்லப்படுகிறது என்பதற்கான விடையில் ஒரு பகுதி இங்கே இருக்கக் கூடும். இலவச மாத்திரையைக் கையில் திணிக்கும்போது, 'இது வெளியில் விற்கும் அதே மருந்துதான், நன்றாக வேலை செய்யும்' என்று மருந்தாளுநர் ஒரு வார்த்தை சொன்னால் அரசுக்குச் செலவில்லை.

அப்படியானால் மருத்துவர்கள் இனிக்க இனிக்கப் பொய் சொல்லலாமா? கூடாது. பக்கவிளைவுகளை மறைத்தால் அவை குறையும் என்பது உண்மைதான். இத்தாலியில் ஃபினாஸ்டரைடு மருந்து பெற்ற ஆண்களில், பாலியல் பக்கவிளைவு வரக்கூடும் என்று எச்சரிக்கப்பட்டோரில் 43.6 சதவீதத்தினருக்கும், எச்சரிக்கப்படாதோரில் 15.3 சதவீதத்தினருக்கும் அது வந்ததாக 2007-இல் ஒரு ஆய்வு கூறியது. ஆயினும், தன் உடலில் செலுத்தப்படுவதைப் பற்றி அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு. ஒருமுறை பொய் வெளிப்பட்டால், அடுத்த முறை உண்மை சொன்னாலும் அது மருந்தாக வேலை செய்யாது. மறைக்காமலே தீங்கைக் குறைக்க வழி இருக்கிறது. நூற்றில் ஐந்து பேருக்குக் காய்ச்சல் வரும் என்பதும், தொண்ணூற்றைந்து பேருக்கு வராது என்பதும் ஒரே உண்மையே. கனடாவில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களிடம் இரண்டாம் வகையில் சொன்னபோது பக்கவிளைவுகள் குறைவாகப் பதிவாயின என்று 1996-இல் கண்டறியப்பட்டது. பிரசவத்துக்கு வந்த பெண்களிடம் முதுகில் ஊசி போடுமுன் 'பெரிய தேனீ கொட்டுவது போலிருக்கும்' என்பதற்குப் பதில் 'இந்த இடம் மரத்துப்போகும், உங்களுக்கு வசதியாக இருக்கும்' என்று சொன்னபோது அவர்கள் குறிப்பிட்ட வலி பத்துக்கு ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. இரண்டு கூற்றுகளும் உண்மை.

இந்த அறிவைத் தவறாகப் பயன்படுத்துவோரும் உண்டு. 'நம்பினால் போதும், நடப்பீர்கள்' என்று எண்ணெயும் வளையமும் விற்பவர்களுக்கு மேற்கண்ட ஆய்வுகள் சான்றிதழ் ஆகா. ஹோட்டல் பணிப்பெண்களிடம் 'உங்கள் வேலையே உடற்பயிற்சி' என்று சொன்னதால் அவர்களது எடையும் ரத்த அழுத்தமும் குறைந்தன என்று 2007-இல் வெளியாகிப் பெரிதும் பேசப்பட்ட ஆய்வைப் போன்ற ஒன்றைப் பின்னர் வேறு சிலர் நடத்தியபோது அம்முடிவு கிடைக்கவில்லை. நோயாளியிடம் 'எல்லாம் உங்கள் மனம்தான்' என்று கூறுவது இதைவிட மோசமானது. அதுவும் ஒரு நோசிபோ. சில வேளைகளில் அச்சுறுத்துவதே கடமையும் ஆகும். முதுகுவலியோடு கால் வலுவிழந்தாலோ சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ, 'வயதுக்குரிய மாற்றம்' என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கலாகாது.

அறிக்கைத் தாளில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும் என்று நிர்வாகிகளுக்குத் தோன்றும். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 98 மருத்துவ நிலையங்களில் ஏறத்தாழ 2,50,000 பேர் இடம்பெற்ற ஆய்வொன்றில், ஒரு பகுதியினரின் முதுகெலும்புப் பட அறிக்கைகளோடு, 'வலியில்லாதவர்களிலும் இத்தனை சதவீதத்தினருக்கு இம்மாற்றம் உண்டு' என்ற குறிப்பு அச்சிட்டுச் சேர்க்கப்பட்டது. முதுகெலும்புச் சிகிச்சைகளின் மொத்த அளவு அதனால் குறையவில்லை என்று 2020-இல் முடிவு வந்தது. அபினி வகை மருந்துப் பரிந்துரைகள் மட்டும் மிகச் சிறிதளவு குறைந்தன. அச்சிட்ட வரி, முகம் பார்த்துப் பேசும் சொல்லுக்கு ஈடாகவில்லை.

முகம் பார்த்துப் பேச நேரம் வேண்டும். 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வின்படி, முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடங்கள், வங்கதேசத்தில் 48 நொடிகள், இந்தியாவில் சுமார் இரண்டு நிமிடங்கள். புறநோயாளிகள் வரிசை வாசல் வரை நீளும்போது, 'தேய்ந்துவிட்டது' என்பது மருத்துவரின் கொடுமையால் வரும் சொல் அன்று. இரண்டு நிமிடத்துக்குள் அடங்கும் சொல் அது. 'உங்கள் வயதில் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். நடக்கும்போது சிறிது வலிக்கலாம். அதனால் மூட்டு கெட்டுவிடாது. தொடைத் தசையை வலுவாக்கினால் வலி குறையும். இன்று பத்து நிமிடம் நடங்கள், அடுத்த வாரம் பதினைந்து' என்று சொல்வதற்கு அரை நிமிடம் கூடுதலாகும். நாளொன்றுக்கு நூறு பேரைப் பார்க்கும் மருத்துவருக்கு அது ஐம்பது நிமிடங்கள். எம்.ஆர்.ஐ. படத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் உண்டு. மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் அதற்கென ஒரு வரியும் உண்டு. அந்தப் படத்தை நோயாளிக்கு விளக்கிச் சொல்லும் அரை நிமிடத்துக்கு நம் கட்டணப் பட்டியல்களில் இன்னும் ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை.